தொட்டியில் ஆள்

திரையின் ஓரத்தில் 'தொட்டியில் ஆள்' என்ற கட்டம் சிவந்திருந்தது. அது சிவக்க வழியே இல்லை. அந்தச் செய்தியை அனுப்ப வேண்டிய பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி, கம்பிகள் கழற்றப்பட்டு, எலெக்ட்ரீஷியன் கிளாட்சனின் மேசைமேல் டீ டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஏம்பலத்தைத் தாண்டிக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த அந்த அரிசி ஆலை ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. மத்தியானத்திலிருந்து விடாத மழையில் தகரக் கூரை காது அடைக்கிற மாதிரி இரைந்தது. ஊறின நெல்லின் புளித்த வாடையும் உமித்தூசியும் எலி நாற்றமும் ஈரத்தில் கனத்துப் படியேறி கண்ட்ரோல் ரூமுக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. கண்ணாடிக்கு அப்பால், மழை இருட்டில் பாதி மறைந்து, நெல் தொட்டி நின்றது. கிளாட்சன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆலையில் இரண்டு பி.எல்.சி.கள். ஒன்று தொட்டியடியில், ஒன்று இங்கே மேலே. தொட்டிக்குள் இறங்குகிறவன் வாசலில் உள்ள சுவிட்சைத் திருப்பிவிட்டு இறங்குவான். கீழ்ப்பெட்டி 'ஆள் உள்ளே' என்று மேலே சொல்லும். மேலே இருப்பது தொட்டியடியில் நெல்லைத் தள்ளும் ஸ்க்ரூவைச் சுற்ற விடாது. போதாததற்கு இரண்டும் நொடிக்கொரு தரம் 'இருக்கிறாயா', 'இருக்கிறேன்' என்று பேசிக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

அறுவடை நேரம் பார்த்து அந்தப் பதில் வராமல் போனது. எலி கடித்த கேபிளில் தண்ணீர் ஏறிவிட்டது. வாசலில் நெல் லாரிகள் நிற்க, மேனேஜர் ஜெயசீலன் கத்தித் தீர்த்தார். புது கேபிள் வரும்வரைக்கும்தானே என்று, கீழே இருந்து என்ன செய்தி வந்தாலும் வராவிட்டாலும் 'ஆள் இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும்படி கிளாட்சன் மேல்பெட்டியின் புரோகிராமில் செய்துவைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. கேபிள் வந்தது, மாட்டினான். செய்துவைத்ததை எடுக்க மறந்துபோனான்.

கட்டிதட்டிப்போன நெல்லைக் குத்திவிடக் கூலியாள் குழந்தைவேல் இறங்கினான். நெல்லைச் செருப்புக் காலால் மிதிக்க இங்கே யாருக்கும் மனசு வராது. அவனும் தொட்டி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவிட்சைத் திருப்பிவிட்டுத்தான் இறங்கினான். ஆபரேட்டர் உலகநாதன் திரையைப் பார்த்தார். பச்சை. ஓட்டினார்.

எல்லாரும் தொட்டிக்கு ஓடியபோது கிளாட்சன் மட்டும் மேலே ஓடிவந்து தான் செய்ததை அழித்தான். பிறகு கூட்டத்தோடு கூட்டமாகப் போய், யாரும் பார்க்காதபோது, அந்தச் சுவிட்சையும் பழையபடி திருப்பிவைத்தான். செத்தவன் சுவிட்ச் போடவில்லை, உலகநாதன் கீழே பார்க்கவில்லை என்று கேஸ் எழுதினார்கள். உலகநாதன் ஜாமீனில் வந்து, யாரோடும் பேசாமல் வீட்டில் கிடக்கிறார். கிளாட்சன் மூன்று வேளையும் சாப்பிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகிறான், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் மட்டும் போவதில்லை. தன்னை நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

போன் அடித்தது. ஜெயசீலன்.

"இன்னா கிளாட்சன், நாளைக்கி நெல்லு வருது. ஸ்க்ரூ சுத்துதான்னு ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துடு."

"கீழ்ப்பெட்டி ரிப்பேர்ல இருக்கு சார்."

"அது இல்லாம ஓட்டுபா. உனுக்குத் தெரியாததா."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. இருக்கிறேன். இருக்கிறேன். மேல்பெட்டியிலிருந்தும் கேபிளைப் பிடுங்கினான். ஈரமாக இருந்தது. விளக்கு நிற்கவில்லை. முன்னைவிட வேகமாகத் துடித்தது, யாரோ கதவைத் தட்டுகிற அவசரத்தில்.

இறங்கிப் போய் ஒரு தடவை பார்த்திருக்கலாம். படியிறங்கினால் தொட்டி வாசல். அங்கே குழந்தைவேல் நிற்பான் என்று தோன்றியது. நின்று, ஏன்டா சொல்லல என்று கேட்பான்.

கால் எழவில்லை. கைதான் கீபோர்டுக்குப் போனது. பழகின கை. அதே பக்கம், அதே வரி.

ஆள் இல்லை.

கட்டம் பச்சையானது. விளக்கு அணைந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினான்.

கீழே ஸ்க்ரூ முனகியது. சுற்றியது. ஒரு இடத்தில் திக்கியது. பிறகு சீராக ஓடியது.

மறுபடி போன். உலகநாதனின் மனைவி காசம்மாள்.

"தம்பி, அவுரு மில்லுக்கு வந்தாரா?"

"இல்லியே அண்ணி."

"அவன் செத்து மாசமாவுதுன்னு காலையிலேர்ந்து ஒரே அழுவ. அவன் உயிர் போன எடத்துலயே எறங்கி மன்னிப்பு கேட்டுட்டு வரேன்னு சூடம் எடுத்துக்கினு போனாரு. பின்பக்கமா போறேன்னாரு. மழையில மோட்டார் சத்தம் கூட கேக்காது தம்பி, கொஞ்சம் பாரு. உன்ன வுட்டா அவுருக்கு யாரு இருக்கா."

ஸ்டாப்பை அடித்தான். படிகளில் விழுந்து எழுந்து ஓடினான்.

தொட்டிக்குள் சத்தமில்லை. நெல் வாடைக்கு மேலே சூடம் மணத்தது.

வாசலில் சுவிட்ச் 'ஆள் உள்ளே' பக்கம் திரும்பியிருந்தது. அதன் கம்பிகள் எதிலும் சேராமல் தொங்கின. கீழே உலகநாதனின் தோல் செருப்பு, மழையில் நனைந்து, தொட்டியைப் பார்த்து.

பக்கத்தில் இன்னொரு ஜோடி. நீல ரப்பர் செருப்பு. வார் அறுந்த இடத்தில் ஊக்கு. குழந்தைவேலோடு குழிக்குள் வைத்து மூடிய செருப்பு.

அதிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அது மட்டும் கிளாட்சனைப் பார்த்துத் திரும்பியிருந்தது.