நறுக்க நறுக்கப் பூக்கும்

மூன்றாவது குச்சியில் இருந்த முடிச்சு எனிட் போட்டதல்ல. அவள் கொடி கட்டும் நாரை வலப்பக்கமாகச் சுற்றி, இரண்டு இழுப்பு இழுத்து விடுவாள். இது இடப்பக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது. இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரின் ஜூலைக் காலை, பனி காயவில்லை. பூக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி அதையே பார்த்து நின்றாள். நாற்பது மூங்கில் குச்சிகளிலும் வாசப்பட்டாணிக் கொடி ஆளுயரம் ஏறி, வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருந்தது. சனிக்கிழமை ஊர்ப் பூக்காட்சி. முதல்முறையாகத் தன் பெயரிலேயே பூக்களைப் போட்டிக்கு வைக்கப்போகிறாள்.

"என்ன எனிட், முடிச்சுக்கு முத்தம் குடுக்கப் போறியா?" வேலிக்கு அந்தப் பக்கம் தேநீர்க் கோப்பையோடு பக்கத்து வீட்டு பெர்சி நின்றிருந்தார். "அட, இது சிரில் முடிச்சுல்ல! இடது கைக்காரன் வேலை பார்த்தாலே தெரியுதே. ஸ்பெயினுக்கு ஓடிப்போன புருஷன் திரும்பி வந்துட்டானா?"

"பழைய நாரு பெர்சி. போன வருஷத்துது."

"போன வருஷத்து நாரு இவ்ளோ புதுசா இருக்குமா? சரி சரி, கோப்பைய ஜெயிச்சா எனக்கு ஒரு பீர் வாங்கிக் குடு." சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சிரில் ஸ்பெயினுக்குப் போகவில்லை. அவள் காலடியில்தான் கிடந்தான். இந்தக் கொடிக்கு ஒரு குணம் உண்டு. பூவைப் பறிக்கப் பறிக்கப் பூக்கும். ஒரு காய் விட்டால் போதும், வேலை முடிந்ததென்று நின்றுவிடும். போன கோடையில் ஒரே ஒரு காயை அவள் கவனிக்காமல் விட்டாள். சிரில் அவள் கையைக் குச்சியோடு கட்டி, பூக்கத்தரியால் சுண்டுவிரல் நுனியை நறுக்கினான். "நறுக்க நறுக்கத்தான்டி பூக்கும்" என்றான். அக்டோபரில் அடுத்த வருடப் பூவுக்காக அவன் குழி வெட்டிக் குனிந்திருந்தபோது, மண்வெட்டி அவன் பின்மண்டையில் நான்கு முறை இறங்கியது. நான்காவது முறை அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மேலே எருவும் மண்ணும் போட்டு மூடினாள்.

இப்போது அந்த முடிச்சை அறுத்தெறிந்தாள். அடுத்ததும் இடது. அதற்கடுத்ததும். தேனும் ஆரஞ்சுத் தோலும் கலந்தது போன்ற பூவாசத்துக்கு அடியிலிருந்து, ஈரத்தில் ஊறிய, சிரில் பிடிக்கும் பைப் புகையிலையின் நெடி மெல்ல எழுந்து தொண்டையில் இறங்கிக் கசந்தது. தோட்டத்தில் ஒரு தேனீகூட இல்லை. எங்கேயோ கத்தரிச் சத்தம். க்ளிக். அவள் கத்தரி கையில் சும்மாதான் இருந்தது.

இலைகளுக்கு நடுவே ஒரு காய். தடித்த காய். நேற்று மாலை ஒவ்வொரு கொடியாகத் தடவிப் பார்த்திருந்தாள். மறு கையை நீட்டி அதைக் கிள்ளப் போனாள்.

கொடியின் பற்றுக்கம்பி மணிக்கட்டைச் சுற்றியது. இழுத்தாள். தோல் கிழிந்தது. எலும்புவரை இறுகியது. கத்த வாய் திறந்தாள். வாய்க்குள் கொடி. மண் பிளந்தது. பாதி மண்டை. ஒரு இடது கை. அது நிதானமாக நாரைச் சுற்றி அவள் கையைக் குச்சியோடு கட்டி, நுனியை உள்ளே செருகியது.

க்ளிக்.

மோதிரவிரல் மோதிரத்தோடு கூடைக்குள் விழுந்தது. ரத்தம் வெள்ளைப் பூக்களில் தெறித்தது. வலி வந்து சேருமுன்பே அவள் பார்த்துவிட்டாள். வெட்டிய இடத்தில், சதைக்குள்ளிருந்து, நகத்தோடு ஒரு புது விரல் அரும்பிக்கொண்டிருந்தது. அது முழு விரலாக நீளும்வரை அந்த இடது கையிலிருந்த கத்தரி வாயைத் திறந்தபடி பொறுமையாகக் காத்திருந்தது.