இரண்டாவது வெளிச்சம்

பிள்ளையின் கை இலகுவாக மடங்கியது. சாமித்தம்பிக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான். மட்டக்களப்பில் படக்கடை வைத்திருக்கும் அவன் இதற்கு முன்னும் செத்தவர்களை நாற்காலியில் இருத்திப் படம் எடுத்திருக்கிறான். விறைத்த முழங்கையை மடக்கி மடியில் வைக்க அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. விடியற்காலையில் போன உயிர், இப்போதோ பின்னேரமாகிவிட்டது. இந்நேரம் கட்டையாகியிருக்க வேண்டிய எட்டு வயதுக் கை, நித்திரையில் கிடக்கிற பிள்ளையின் கையைப்போல அவன் வைத்த இடத்தில் இருந்தது. மார்கழி மழையின் ஈரமாக்கும், காய்ச்சலில் உருகின உடம்பாக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பரிசாரி நாடி பிடித்துப் பார்த்து, முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, படம் பிடிக்க வந்தவன் வாய் திறக்கலாமா?

முப்பத்துநாலாம் ஆண்டு அது. மலேரியாக் காய்ச்சல் தேற்றாத்தீவில் வீட்டுக்கு வீடு பாய் விரித்திருந்தது. தங்கராசாவுக்கும் சீதேவிப்பிள்ளைக்கும் இருந்தது இந்த இராசாத்தி ஒருத்திதான். ஓடித் திரிந்த காலத்தில் அவளைப் படம் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எந்தத் தாய் தகப்பனுக்குத் தோன்றும், பாவம். இப்போது அடக்கத்துக்கு முன் மூவரும் சேர்ந்த படம் ஒன்று வேண்டுமென்று ஆளனுப்பியிருந்தார்கள்.

"கன்னம் ஒட்டிப் போச்சு தம்பி," என்றாள் சீதேவிப்பிள்ளை, மகளின் தலையைச் சீவியபடி. "அது தெரியாம எடுங்க. நல்லாச் சாப்பிட்ட புள்ள."

"தெரியாது அக்கா. ரெண்டு பக்கத்தாலயும் வெளிச்சம் போட்டா குழியெல்லாம் நிரம்பிரும்."

வெளிச்சம் போட அவனிடம் இருந்தது கைப்பிடி வைத்த தகரத் தட்டு ஒன்றுதான். அதில் மக்னீசிய மருந்தைக் கொட்டிப் பொறி தட்டினால் ஒரு கணம் பளீரென்று எரியும். ஆகவே அறையை நன்றாக இருட்டாக்கி, கமராவின் மூடியைக் கழற்றி விட்டு, இடப்பக்கம் நின்று ஒரு தடவை எரிக்க வேண்டும். பிறகு இருட்டிலேயே தட்டில் மருந்து கொட்டி வலப்பக்கம் போய் மறு தடவை. இரண்டு வெளிச்சமும் ஒரே கண்ணாடித் தகட்டில் விழும்.

"நடுவில ஆடிரப்படா," என்றான். "ஆடினா ஒரு ஆள் ரெண்டாத் தெரியும்." இதை அவன் தாய்க்கும் தகப்பனுக்கும்தான் சொன்னான்.

சீதேவிப்பிள்ளை, வாய் திறவாமல் பிள்ளையின் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த நாடிக்கட்டை அவிழ்த்தாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியையும் அவிழ்த்தாள். இடுப்பை மட்டும் வேட்டியால் பிரம்பு நாற்காலியோடு கட்டினார்கள். தலை முன்னால் தொங்கியது. சாமித்தம்பி நிமிர்த்தி வைத்தான், திரும்பவும் தொங்கியது.

"விடுங்க தம்பி," என்றாள் தாய். "ஆரும் புது ஆள் வந்தா குனியிறவதான்."

கடைசியாகத் தலைமாட்டு விளக்கு. அதை அணைக்கக்கூடாது என்று வெளியே யாரோ முணுமுணுத்தார்கள். தாய் திரியை விரலால் நசுக்கினாள்.

இருட்டு. கிடுகுக் கூரையில் மழை, சாம்பிராணி வாசம், அதற்கு அடியில் ஈரச் சாணத் தரையின் வாசம், எங்கோ கோடிப்புறத்தில் ஆடு ஒன்று விடாமல் கத்துகிற சத்தம். சாமித்தம்பி மூடியைக் கழற்றினான். கண் கூசுமென்று வழக்கம்போலத் தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பொறியைத் தட்டினான். அறை முழுக்கப் புகை. பொட்டலத்தைப் பிரித்துத் தடவித் தடவி மருந்தைக் கொட்டியபோது பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது.

தாயும் தகப்பனும் நின்றுகொண்டிருந்தார்கள். பிரம்பில் இருந்தது பிள்ளை ஒருத்திதான்.

கட்டு தளர்ந்து உடம்பு சரிகிறதாக்கும். இப்போது நிறுத்தினால் படம் கெட்டுவிடும். வலப்பக்கம் போனான், கண்ணை மூடினான், தட்டினான்.

கமராவை மூடிவிட்டுக் கதவைத் திறந்து பார்த்தபோது பிள்ளை தலை குனிந்துதான் இருந்தாள்.

"முகம் விழாட்டித் திரும்ப எடுக்கோணும் அண்ணன்," என்று தங்கராசாவிடம் சொன்னான். "தகட்டக் கழுவிப் பார்த்துட்டு வாறன். நான் வாற வரைக்கும் கொண்டு போயிராதீங்க."

"ஓம் தம்பி. கெதியாப் பாருங்க."

சன்னல் இல்லாத நெல்லறையில் புகுந்து கதவிடுக்கில் சாக்கை அடைத்தான். சிவப்புக் கண்ணாடி விளக்கைக் கொளுத்தினான். மருந்துத் தண்ணீரில் தகட்டை இட்டு மெல்ல ஆட்டினான். முதலில் தகப்பனின் முகம் கறுப்பாக ஊறி வந்தது. ஒரே முகம். பிறகு தாய். அவளும் தூண்போலத்தான் நின்றிருக்கிறாள்.

நடுவில் இரண்டு முகம்.

சரிந்திருக்கிறாள், வேறென்ன. அவன் விளக்கருகே குனிந்தான். இடப்பக்க வெளிச்சம் பட்ட முகம் குனிந்திருந்தது. அது முதல் வெளிச்சம். வலப்பக்க வெளிச்சம் பட்டது நிமிர்ந்திருந்தது. தாயின் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். தகட்டில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும்தான் விழும். திறந்த கண்ணின் கறுப்பு.

சரிந்தால் தலை கீழே போகும். மேலே வராது.

வெளியே மழை விட்டிருந்தது. பறைமேளம் தொடங்கியது.

"மழை விட்ட கையோட கொண்டு போவம்," என்று யாரோ பெரிய குரலில் சொன்னது கேட்டது.

கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுத் தகடு பாழ். அவன் பார்த்தது பிழையென்றால், அந்தத் தாய்க்கு மிஞ்சியிருக்கிற ஒரே முகமும் போய்விடும். பிழையாகத்தான் இருக்கும். பிழையாக இருக்கட்டும், பிள்ளையாரே. தகட்டை எடுத்து, படத்தை நிலைக்கவைக்கிற அடுத்த மருந்தில் போட்டான். மேளம் நகர்ந்தது. வேலிப் படலையைத் தாண்டியது. அவன் கத்தினான். மேளத்துக்குள் அது யாருக்குக் கேட்கும்? இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்ச நேரம். மேளம் தூரத்தில் தேய்ந்தது.

நின்றது.

கதவை உதைத்துக்கொண்டு வந்தான். சீதேவிப்பிள்ளை வாசலில் தனியே இருந்தாள். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை.

"விழுந்திருக்கா தம்பி?"

அவன் கையில் ஈரத் தகடு இருந்தது. அவளே தகட்டை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நீர் அவள் முழங்கையால் வழிந்தது. நெடுநேரம் பார்த்தாள்.

"என்னப் பாக்கிறா," என்றாள்.

தகடு தரையில் விழுந்து உடைந்தது. அவள் ஓடினாள். கடற்கரை மணலில் கூந்தல் அவிழ ஓடியவளை அவனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

சுடலையில் மண்வெட்டியின் முதுகால் மேட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்ணொருத்தி வருவதைக் கண்டு ஆண்கள் திகைத்து ஒதுங்கினார்கள். அவள் ஈர மண்ணில் குப்புற விழுந்து காதை வைத்தாள். தங்கராசா அழுதுகொண்டே அவளைத் தூக்கக் குனிந்தார்.

அவள் நிமிரவில்லை. காதை எடுக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, எல்லாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள்.