பாச்சை உருண்டை வாசம்

கொச்சியில் கால் வைத்ததிலிருந்தே ஷண்முகப்ரியாவுக்கு எல்லாம் எரிச்சலாக இருந்தது. இதெல்லாம் ஓர் ஊரா! மழை பெய்தால் குளிர வேண்டாமோ? நீலகிரியில் அவள் ஊரான தேவாலாவில் மழை என்றால் பல் கிட்டிப் போகும். இங்கே மழையும் பெய்கிறது, வேர்வையும் ஊற்றுகிறது... எதில் நனைகிறோம் என்றே தெரியவில்லை.

போதாக்குறைக்குப் படகில் எதிரே ஒருவன். துறையை விட்டுக் கிளம்பியதிலிருந்து மூக்கைச் சுருக்கிச் சுருக்கி அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய, ஈரமான கண்கள். லட்சணமாக வேறு இருந்து தொலைத்தான்.

“ஏனுங்க...” என்றான்.

கொங்குத் தமிழ்! காலையிலிருந்து மலையாளமே கேட்டுச் சலித்த காதுக்கு அது தேனாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க பையில பாச்சை உருண்டை இருக்குதுங்களா?”

குளிர்ந்த மனசு அப்படியே கொதித்தது. “இருந்தா உங்களுக்கென்னங்க?”

“எனக்கொண்ணுமில்லைங்க. கூடவே டீத்தூள் வாசமும் வருது... அதான் கேட்டேன்.”

அவளுக்குத் திக்கென்றது. பைக்குள் அப்பாவின் ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்குள் அவர்கள் ஃபாக்டரியின் சாம்பிள் பொட்டலம். தேயிலை விலை தரையில் கிடந்த வருடம் அது. கூடலூர்ப் பக்கம் ஃபாக்டரிகளுக்கு ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்துகொண்டிருந்தது. ஏற்றுமதி வியாபாரி மோசஸ் இன்று குடித்துப் பார்த்துச் சரியென்றால் அப்பாவின் ஃபாக்டரி பிழைக்கும். இல்லையென்றால் மூடிவிடுவதாக அப்பா முடிவே செய்துவிட்டார். இளைப்பில் படுத்திருந்த அவருக்குப் பதில் மகள் வந்திருந்தாள். பஸ்ஸில் சாரல் பட்டுவிடுமே என்று, பீரோவில் பாச்சை உருண்டைக்கு நடுவே கிடந்த ஸ்வெட்டரை எடுத்துப் பச்சைக் குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்!

“தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்குமுங்க...”

“ஃபாக்டரிக்காரர் பொண்ணுக்கே பாடமா? நீங்க யாருங்க?”

“கீர்த்திவாசனுங்க. குன்னூர்ல ஒரு ஃபாக்டரியில தூள் பக்குவம் பாக்கற டீ மேக்கரா இருந்தேன். எங்க ஃபாக்டரிய மூடிட்டாங்க. கென்யாவுல எஸ்டேட் வேலை கெடைச்சிருக்கு, இன்னிக்கி ப்ளைட்டு. அதுவரைக்கும் படகுல சுத்தலாம்னு...”

“ஓ... மலைய விட்டு ஓடறவரா? நாங்க ஓடலைங்க. எங்க தூளப் பத்தி நீங்க பேச வேண்டாம்.”

அவன் முகம் சுண்டிப்போனது. கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏன்டி இப்படி வாய் நீளுது உனக்கு என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். அவன் பார்க்காத நேரமாகப் பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

பீரோவேதான். சந்தேகமே இல்லை... கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“அழுதா வாசம் போயிருமாங்க?” இப்போது அவன் குரலில் எரிச்சல். “இதே தூளு வேற எதுலயாவது கொண்டு வந்தீங்களா? யோசிங்க!”

“வேற எதுல... அய்யோ, ஹார்லிக்ஸ் பாட்டில்! மட்டாஞ்சேரி அத்தைக்கு அம்மா குடுத்து விட்டது!”

மற்றொரு பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். முகர்ந்து பார்க்க இருவரும் ஒரே நேரத்தில் குனிய, தலையும் தலையும் மோதிக்கொண்டன.

“பாத்து வர மாட்டீங்களா?” என்றாள் நெற்றியைத் தேய்த்தபடி.

அவன் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். “நம்ம மலைங்க...” என்றான் மெதுவாக. அந்தக் குரலில் அவள் எரிச்சல் எங்கோ வழுக்கி விழுந்தது.

படகை விட்டு இறங்கி மோசஸின் ஆபீஸ் வாசல்வரை அவனும் கூடவே வந்தான். உள்ளே, ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்து மோசஸ் சிரித்தார். பிறகு டீயை உறிஞ்சினார், துப்பினார், மறுபடி உறிஞ்சினார்.

“ஒரு லோடு அனுப்பு மோளே. பிறகு நோக்காம்.” மிச்சத்தைப் பிறகு பார்க்கலாமாம்!

வெளியே ஓடி வந்தாள். போயிருப்பான் என்றுதான் நினைத்தாள். கூரையடியில் பாதி நனைந்து நின்றுகொண்டிருந்தான்.

“வாங்கிக்கறாருங்க!” என்றவள் உடனே தலை குனிந்தாள். “ஓடறவர்னு சொன்னது... தப்புங்க.”

“ஓடத்தானுங்க போறேன். காலையில சந்தோசமாத்தான் கெளம்பினேன். இப்ப பாருங்க... காலு நவுர மாட்டேங்குது.”

“சுத்தி வளைக்காம சொல்லுங்களேன்!”

“உங்கள எனக்குப் புடிச்சுப் போச்சுங்க.”

“இதச் சொல்ல ப்ளைட் ஏறப்போற நேரந்தான் கெடைச்சுதா உங்களுக்கு?” வெடித்தாள். கண்கள் மட்டும் நிறைந்து நின்றன. “சரி... குளிருக்கு என்ன எடுத்துட்டுப் போறீங்க?”

“ஆப்பிரிக்கா சூடாத்தான இருக்கும்னு... ஒண்ணும் எடுக்கலைங்க.”

“டீ வெளையற ஊரு குளிராம இருக்குமா? இவரு டீ மேக்கராமா!” அப்பாவின் ஸ்வெட்டரை அவன் கையில் திணித்தாள். “அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“ஸ்வெட்டரப் பத்தியா?”

“எல்லாத்தப் பத்தியுந்தான்.” முகம் சிவந்து வேறு பக்கம் பார்த்தாள். “அந்த வாசம் போறப்ப நீங்க தேவாலாவுல எங்க ஊட்டு வாசல்ல நிக்கோணும். ஆமா.”

அவன் அங்கேயே, அந்தப் புழுக்கத்திலேயே, ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டிக்கொண்டான். வேர்வை காதோரம் வழிந்தது.

“பைத்தியமா உங்களுக்கு? கழட்டுங்க!”

“மாட்டேனுங்க. இப்பவே போட்டாத்தானே வாசம் சீக்கிரம் போவும்...”