தரைக்குக் கீழே ஒரு சப்பாத்து

முதலில் தெரிந்தது ஒரு சப்பாத்து.

பனிக்காலச் சப்பாத்து. பழுப்பு நிறம். நாடா இறுக்கிக் கட்டியபடி...

யாரோ பழைய சாமானைத் தரைக்குக் கீழே போட்டு மூடியிருக்கிறார்கள் என்றுதான் சிவநேசம் நினைத்தார். குனிந்து பிடித்து இழுத்தார்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார்.

சப்பாத்துக்குள் கால் இருந்தது!

சிவநேசம் அலறவில்லை. கிழமைக்கு ஐந்து நாள் புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிவிட்டு, ஆறாவது நாள் முழங்காலில் நின்று தரை பெயர்க்கிற ஐம்பத்தாறு வயதுக்காரருக்கு, அலறுவதற்கும் தெம்பு வேண்டாமா? குளியல் தொட்டியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார்.

"நிரோஜா... ஒருக்கா இஞ்ச வாரும்."

சமையலறை அலுமாரிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மனைவி தூரிகையோடு வந்தாள். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது... ஆர்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நானும் இப்பத்தான் சந்திக்கிறன்."

அது 1974இல் செய்த மொபைல் ஹோம். அறுபது அடி நீளத்தில் ஒரு தகரப் பெட்டி. வீடு என்று சொன்னால் மற்ற வீடுகளுக்குக் கோபம் வரும். கூரையில் நாலு ஒழுக்கு, சமையலறைச் சுவருக்குள் அணில் குடும்பம், திறந்தால் மூடாத ஜன்னல்கள். மூன்று மாதம், ஒரு சனி ஞாயிறு விடாமல், யூடியூப்பில் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் தன் கையாலேயே சரிசெய்திருந்தார் சிவநேசம். மிச்சம் இருந்தது இந்தக் குளியலறை மட்டும்தான்.

அவசரம் இருந்தது. லாசாலில் இருபத்துநாலு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டைச் சொந்தக்காரன் விற்றுவிட்டான். ஜூன் முப்பதோடு ஒப்பந்தம் முடிகிறது. ஜூலை ஒன்று ஊரே வீடு மாறுகிற நாள்; பாதி மொன்றியல் கட்டிலும் மெத்தையுமாகத் தெருவில் நிற்கும். இவர்களுக்கும் அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு வான் வருகிறது.

இன்று ஜூன் இருபத்தெட்டு. பத்து மணி.

வீட்டை விற்றவன் ஆரூரன். செயின்ட்-மிஷேலில் இருக்கிறான், நாற்பது வயது, பழைய வீடு வாங்கி விற்கிற ஆள். இது கஸ்தோன் என்ற கிழவரின் வீடு என்றும், மூன்று வருடத்துக்கு முன்பே கிழவர் தன்னிடம் விற்றுவிட்டுப் புளோரிடாவுக்குப் போய்விட்டார் என்றும் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து பூட்டித்தான் கிடந்ததாம். தான் ஒரு ஆணிகூட அடிக்கவில்லையாம். குளியலறைத் தரை கொஞ்சம் மெத்தென்று இருக்கிறதே என்று கேட்டபோது, மேலால் வினைல் விரிப்பை ஒட்டிவிட்டால் போதும் என்றான்.

உண்மையைச் சொன்னால், ஒட்டிவிடத்தான் சிவநேசமும் நினைத்தார். காலையில் அவர் கால் தரைக்குள் இறங்கியதும் நிரோஜா விடவில்லை.

"பஞ்சிப்படாமல் பெயர்த்துப் பாருங்கோ" என்றாள்.

பஞ்சி என்பது சோம்பலுக்கு யாழ்ப்பாணத்தார் வைத்த செல்லப் பெயர். சிவநேசத்துக்கு வந்திருந்தது பஞ்சி அல்ல, களைப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லி வாதாடுவதற்கும் களைப்பாக இருந்ததால் கழிப்பறை இருக்கையான கொமட்டைக் கழற்றினார். நிலையின் அடிப்பலகையைக் கழற்றினார். கொமட்டைச் சுற்றி ஊறிப்போயிருந்த பிளைவுட்டை நெம்பினார்.

கீழே ஒரு குறுக்குச் சட்டத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். குளிருக்குப் பஞ்சு அடைக்கிற இடத்தில் நீலத் தார்ப்பாய். அதற்கு வெளியே அந்தச் சப்பாத்து.

 நிரோஜா மிக மெதுவாகக் கேட்டாள்.

"பொலிஸ் வந்தா வீட்டைப் பூட்டி வைப்பினம், என்ன?"

"ஓம். மாசக்கணக்கில வைப்பினம்."

"...மூடிவிடுவமோ?"

கேட்ட மறுகணமே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இப்படிக் கேட்டுவிட்டேனே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிவநேசத்துக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அரை நிமிடத்துக்கு முன் அவரும் அதையேதான் நினைத்தார். வெட்கமாக இருந்தது. அந்தச் சப்பாத்துக்குள் கால் வைத்திருந்த மனிதனுக்கும் எங்கேயாவது ஒரு வீடு, காத்திருக்க ஒரு ஆள் இருந்திருக்குமே!

அப்போதுதான் கழுவுகிற தொட்டியில் கிடந்த பொட்டலம் அவர் கண்ணில் பட்டது.

அடிப்பலகையைக் கழற்றியபோது அதற்குக் கீழே இருந்தது. ஏதோ அழுக்குத் துணி என்று தூக்கி அங்கே போட்டிருந்தார். இப்போது எடுத்துப் பிரித்தார்.

மஞ்சள் துணி. உள்ளே ஒரு துண்டு மஞ்சள், கொஞ்சம் நவதானியம், ஒரு டொலர் நாணயம்.

"இது எங்கட ஆக்கள் நிலை வைக்கேக்க வைக்கிறதெல்லோ?" என்றாள் நிரோஜா.

சிவநேசம் நாணயத்தைத் திருப்பினார்.

அதில் ராணி இல்லை. ராஜா இருந்தார்!

ராஜா தலை போட்ட நாணயம் புழக்கத்துக்கு வந்து ஒன்றரை வருடம்தான். கஸ்தோன் போய் மூன்று வருடம் என்றான் ஆரூரன். அப்படியானால் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் வந்து, தரை போட்டு, நிலை வைத்து, அதற்கு மஞ்சளும் தானியமும் வைத்த நம்முடைய ஆள் யார்?

சிவநேசம் தொலைபேசியை எடுத்தார்.

ஒரு மணிக்கு ஆரூரன் வந்தான்.

குளியலறைத் தரையைப் பெயர்க்கப் போகிறேன், வந்து ஒரு கை கொடும் என்று மட்டும்தான் சிவநேசம் அவனிடம் சொல்லியிருந்தார். கூப்பிட்டால் ஒரு கிழமை கழித்துப் பதில் சொல்கிறவன், நாற்பது நிமிடத்தில் வாசலில் நின்றான். தோளில் ஒரு புது வினைல் சுருள். இலவசமாம். இவனிடம் இலவசமாக அதுவரை ஒருவரும் ஆணிகூட வாங்கியதில்லை.

"அக்கா எங்க?" என்று கேட்டான்.

உள்ளே படுத்திருக்கிறாள், தலையிடி என்றார் சிவநேசம். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

குளியலறை ஓட்டையை ஒரு பலகையால் மூடியிருந்தார். ஆரூரன் அதைப் பார்த்தான். பிறகு சிவநேசத்தின் முகத்தைப் பார்த்தான். முகத்தில் களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பெயர்த்திட்டீங்களோ அண்ணை?"

"இனித்தான். நிலைப்பக்கம் உக்கிப்போச்சு. அடிப்பலகையைக் கழட்டிக் குப்பை லொறியில எறிஞ்சிட்டன்."

ஆரூரனின் தோளிலிருந்து வினைல் சுருள் நழுவியது.

"ஐயோ அண்ணை... பொட்டலத்தையுமோ? அதை எறியக் கூடாதெல்லோ..."

சொல்லிவிட்டு நிறுத்தினான். 

"எந்தப் பொட்டலம்?" என்றார் சிவநேசம்.

"இல்லை... நிலைக்குக் கீழ வைக்கிறது வழக்கம்தானே..."

"எங்கட ஆக்களுக்கு வழக்கம். கஸ்தோன் எப்ப எங்கட ஆள் ஆனவர்?"

 ஆரூரன் வாசல் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தான். சுவரில் சாய்த்திருந்த இரும்பு நெம்புகோலைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"பலகையைத் தூக்கிப் பாத்திட்டீங்கள், என்ன?"

"ஓம்."

"வீடு இப்ப உங்கட பேரில கிடக்கு அண்ணை. தரையெல்லாம் உங்கட கைரேகை. நாளையிண்டைக்கு அடுத்த நாள் வான் வருகுது. எங்க போவீங்கள்? இந்த வயசில அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆற்ற வாசல்ல நிப்பீங்கள்? மூடுவம். நானே மூடித் தாறன்."

சிவநேசத்துக்கு முழங்கால் வலித்தது. முதுகு வலித்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடலாம் போலத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

"கஸ்தோன்தானே?" என்றார்.

"மூண்டு வருசம் எண்டது பொய். போன வருசம் கையெழுத்து வைச்சிட்டு, பேந்து போகமாட்டன் எண்டு நிண்டார். தள்ளினன். தொட்டியில தலை அடிபட்டுது. சுத்திவர வீடு, வெளியில கொண்டுபோக வழியில்லை."

"அப்ப எனக்கேன் வித்தனீர்?"

"காணி வேற ஆளின்ர. வெறுமனே கிடக்கிற வீட்டை இழுத்து உடைக்கப் போறன் எண்டு காணிக்காரன் கடிதம் போட்டான். அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்தீங்கள். களைச்ச மனுசன், தரையைக் கிளறமாட்டீங்கள் எண்டு நினைச்சன்."

சிவநேசத்துக்கு அதுதான் எல்லாவற்றையும்விட நொந்தது. தன் களைப்பைப் பார்த்து ஆள் பிடித்திருக்கிறான்!

"இவ்வளவும் செய்துபோட்டு, அந்தப் பொட்டலத்தை ஏன் வைச்சனீர்?"

ஆரூரன் தலைகுனிந்தான்.

"ஆள் செத்த இடத்தில நிலை வைக்கிறன். பயமாயிருந்துது அண்ணை..."

"வைச்சது நல்லதாப் போச்சு" என்றது ஒரு பெண் குரல். "கீழ போடுங்க அதை."

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி துப்பாக்கியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பொலிஸ்காரர்கள். அவர்களுக்கும் பின்னால் பெயின்ட் தூரிகையோடு நிரோஜா.

இன்ஸ்பெக்டர் ரக்ஷனா. சென்னையிலிருந்து வந்த பெற்றோருக்கு மொன்றியலில் பிறந்தவள்.

சிவநேசம் பத்தேகாலுக்கே பொலிசைக் கூப்பிட்டிருந்தார். தமிழ் தெரிந்த ஆளாக அனுப்பச் சொன்னார். ஆரூரனை அழைத்தது அவள் வந்து, பொட்டலத்தைப் பார்த்து, காரை அடுத்த தெருவில் நிறுத்திய பிறகுதான்.

நெம்புகோல் தரையில் விழுந்தது. விலங்கு மாட்டினார்கள். வினைல் சுருளைத் தாண்டி ஆரூரன் வெளியே போனான்.

ரக்ஷனா துப்பாக்கியை உறையில் வைத்தாள்.

"சாரி சார். வீட்டுக்கு சீல் வைக்கணும். ரெண்டு வாரம் ஆகும். எங்க ஆளுங்க பாத்ரூம் ஃப்ளோர் முழுசையும் சட்டம் வரைக்கும் பிரிச்சு எடுத்துட்டுப் போவாங்க."

"முழுத் தரையையுமோ?"

"ஆமா சார். குப்பை ஒண்ணுகூட மிச்சம் இருக்காது."

சிவநேசம் நிரோஜாவைப் பார்த்தார். நிரோஜா சிவநேசத்தைப் பார்த்தாள். அவர் தனியே பெயர்ப்பதென்றால் இரண்டு நாள் முழு வேலை! இரண்டு வாரம் லாசாலில் தன் தங்கச்சி வீட்டு நிலவறையில் படுத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கியது. மூன்று மாதத்தில் முதல்முறையாக அவருடைய வேலையில் ஒரு பங்கை வேறு யாரோ செய்யப் போகிறார்கள்.

"ஒண்ணு மட்டும் புரியல சார்" என்றாள் ரக்ஷனா. "வினைல் ஒட்டினா போதும்னு அவர் சொன்னாரே. அப்புறம் ஏன் தோண்டினீங்க?"

சிவநேசம் நடையில் கவிழ்ந்து கிடந்த கொமட்டைக் காட்டினார். அதன் அடியில் கறுத்து, உதிர்ந்துபோன ஒரு மெழுகு வளையம் ஒட்டியிருந்தது.

"கொமட்டைக் கழட்டித் திருப்பி வைக்கேக்க இதைப் புதுசா மாத்தவேணும், தங்கச்சி. அவன் பழசையே வைச்சு இறுக்கிப்போட்டான். தண்ணி ஒழுகிப் பலகை ஊறி, காலையில என்ர கால் உள்ள போயிட்டுது."

முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"ஆளைக் கொல்லப் பஞ்சிப்படாதவன், ஒரு வளையம் மாத்தப் பஞ்சிப்பட்டிட்டான்!"