தண்ணீர் கொடுத்தவள்

தெரு நாய்கள் எல்லாம் எதிர்வரிசை வீட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்திருந்தன. மழை தூறிக்கொண்டிருந்தும் ஒன்றுகூடத் தகரக் கூரைக்குள் ஒதுங்கவில்லை. வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. சுடலைமணி பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் கவனித்தார். அவை பார்த்துக்கொண்டிருந்தது அவர் வீட்டை.

அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிவந்து காலைச் சுற்றுகிற நாய்கள் அவை. நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். ஒன்று மட்டும் வயிற்றைத் தரையில் தேய்த்தபடி பின்னால் நகர்ந்தது.

சங்கரன்கோவிலில் ராணுவத்துக்கோ போலீசுக்கோ போக ஆசைப்படுகிற பையன்கள் முதலில் சுடலைமணி மாஸ்டரைத்தான் தேடி வருவார்கள். விடிகாலையில் ராஜபாளையம் ரோட்டில் வரிசை கலையாமல் ஓடுகிறவர்கள் அவருடைய பையன்கள். குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் மழை பொய்த்த வருடங்களில் இன்னும் கூடுதலாக வருவார்கள். கயிறு ஏறவும் மூச்சைப் பிடிக்கவும் அவர் கற்றுக்கொடுத்தவர்கள் எத்தனையோ எல்லைகளில் நிற்கிறார்கள். அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

மனைவி வேல்விழியும் மகன் அருண்குமாரும் மேலநீலிதநல்லூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். பூட்டைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டார். பின்தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தடதடப்பு சாப்பிடும்போதும் தூங்கும்போதும் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். எப்போதும் இருப்பதாலேயே அந்த வீட்டில் யார் காதிலும் அது விழாது. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபோது கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒரு சேர இழுத்து நின்றன. தெருவே திடீரென்று ஆழமாகிவிட்டதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டு ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும், எங்கோ ஒரு பிரஷர் குக்கரின் சீறலும் தனித்தனியாகக் கேட்டன. அவற்றுக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது.

மூச்சு. மெதுவான, நீளமான, அளந்து விட்டதுபோன்ற மூச்சு. ஒருவர் விடுவது போலவும் இருந்தது. பல பேர் ஒன்றுசேர்ந்து விடுவது போலவும் இருந்தது.

அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அதுவும் நின்றது. விட்டார். அதுவும் விட்டது.

தன் மூச்சுதான் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் பின்கட்டுக் கதவைத் திறந்தார். அப்போதுதான் அந்த வாடை முகத்தில் அடித்தது. நனைந்த இரும்பும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த வாடை. கொல்லையில் ஈரமண்ணில் வெறுங்கால் தடங்கள் பதிந்திருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடைவெளியில், வரிசையாக வந்தவர்களின் தடங்கள். வெளிச்சத்தை அவற்றோடு நகர்த்திக்கொண்டே போனார். தடங்கள் வீட்டுச் சுவர்வரை வந்தன. சுவரில் நிற்கவில்லை. செங்குத்தான வெள்ளைச் சுண்ணாம்பில் சேற்றுப் பாதங்கள், தரையில் நடந்ததுபோலவே ஒவ்வொன்றாக மேலே போயிருந்தன. மொட்டைமாடிக் கதவு திறந்து கிடந்தது.

அவர் உடனே வேல்விழிக்குப் போன் போட்டார். இன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டு விடிந்ததும் வாருங்கள் என்றார். என்ன விஷயம் என்று அவள் கேட்டாள். மழை, ரோடு சரியில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. இல்லை, தெரிந்தது. அந்த வாடையை அவர் முன்பும் முகர்ந்திருக்கிறார்.

நாலு வருடங்களுக்கு முன்னால், புளியங்குடி ரோட்டில் பூட்டிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில். வெளிநாட்டுக் காவல் கம்பெனி ஒன்று அவரிடம் ஏழு பையன்களைக் கேட்டிருந்தது. வீட்டில் கேள்வி கேட்க ஆள் இல்லாதவர்களாகப் பாருங்கள் என்று கம்பெனி டாக்டர் சொன்னார். ஊசி என்ன செய்யும் என்பதையும் மறைக்கவில்லை. உடம்பின் விதையையே அது மாற்றி எழுதிவிடும். இருட்டு பகலாகத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் துடிக்கிற நெஞ்சு கேட்கும். வெட்டுப்பட்டால் தானே மூடிக்கொள்ளும். சொன்னதைச் செய்வார்கள், சொந்தமாக ஒன்றும் வேண்டாதவர்கள் ஆகிவிடுவார்கள். சுடலைமணி ஏழு பேரைப் பொறுக்கிக் கொடுத்தார். ஊசி போட்ட பிறகு ஒருநாள் பார்க்கப் போனார். அவரிடம் ஓடியவர்களிலேயே வேகமானவன் இளையரசனேந்தல் இசக்கித்துரை. அவனைத் தோல் பட்டைகளால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். உடம்பெல்லாம் தோல் உரிந்து புதுத்தோல் ஏறிக்கொண்டிருந்தது. "வீட்டுக்குப் போறேன் மாஸ்டர்" என்றான். அவர் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினார். பழகிய உடம்பு. பட்டைகளை அறுத்துக்கொண்டு எழுந்து விறைப்பாக நின்றது. டாக்டர் கைதட்டினார்.

பிறகு எங்கோ ஒரு பாலைவனத்தில் சண்டை நடந்தது. ஏழு சவப்பெட்டிகள் வந்தன. திறக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவரும் அவர்தான்.

வாசல் கதவு தட்டப்பட்டது.

குடையும் இடுப்பில் ஒரு தெர்மாகோல் பெட்டியுமாக இசக்கித்தாய் நின்றாள். இசக்கித்துரையின் அம்மா. மகன் போன பிறகு ஊரை விட்டு வந்து, இங்கே பூ மார்க்கெட்டில் கூலிக்குப் பூக்கட்டுகிறவள். பிச்சிப்பூவை ஐஸ் வைத்து அனுப்புகிற பெட்டி அது. அவளைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது. மனுஷ முகம்.

"உள்ள வரட்டுமா மாஸ்டர்?" என்றாள்.

வந்தவள் தரையில் உட்கார்ந்தாள். மெழுகுவர்த்தியை அவர் தேடுவதற்குள் பேச ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு வந்த பெட்டியத் திறக்கக் கூடாதுன்னு சொன்னிய. நான் திறந்து பாத்துட்டேன். உள்ள உப்பு மூட்டைதான் இருந்துச்சு. இம்புட்டு நாளா யாருகிட்டயும் சொல்லல."

ஐப்பசி பிறந்த அன்று மகன் வாசலில் வந்து நின்றதை அவள் அதே குரலில் சொன்னாள். அவளை அவனுக்கு அடையாளம் தெரிந்த மாதிரியே இல்லை. உதடு வெடித்திருந்தது. செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு அவன் அவள் முகத்தைப் பார்த்து, உத்தரவு என்ன என்று கேட்டான்.

"பெத்தவகிட்ட உத்தரவு கேக்கான் மாஸ்டர். எம்மான்னு ஒருக்கா கூப்பிடுலன்னேன். கூப்பிட்டான். நான் சொன்னதுனால கூப்பிட்டான்."

மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்களாம். அவரவர் வீட்டில் யாரும் சேர்க்கவில்லை. கடையநல்லூர் இர்ஷாத்தைப் பார்த்து அவன் வாப்பா மயங்கி விழுந்துவிட்டார். கடைசியில் எல்லோரும் அவள் குடிசைக்கு வந்து நின்றார்கள். எல்லோருக்கும் அவளே தண்ணீர் கொடுத்தாள்.

"சாப்பாடு வேண்டாம். தூக்கம் வேண்டாம். ராத்திரி பூராவும் நின்னுக்கிட்டே இருப்பானுவ. ஒரு மாசமா பாத்தேன். எம்மவன் அதுக்குள்ள இல்ல. வெறுங்கூடு." பெட்டியைக் கையால் தடவினாள். "அந்த டாக்டரப் பாத்தாச்சு. வெவரம் எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனாரு. நீரு அந்த மண்டபத்துக்குப் போனீரா?"

'நீங்க' என்பது 'நீரு' ஆகிவிட்டதை அவர் கவனித்தார். இல்லை என்றார். பஸ் ஏற்றிவிட்டதோடு சரி, ஊசியைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். அவள் முகத்தைத் தூக்கி, "மண்டபத்துக்கு இவரு வந்தாரா? சொல்லுல" என்றாள்.

"வந்தார்."

குரல் அவர் தலைக்கு மேலிருந்து வந்தது.

வெளிச்சத்தைத் தூக்கினார். பாத்திரங்கள் அடுக்கிய பரணில், அண்டாவுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு பூனைகூடப் படுக்க முடியாத இடத்தில், மடங்கிக் கிடந்தது ஒரு முகம். கண்கள் மாட்டுக் கண்போல் பச்சையாக மின்னின. பீரோவுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி. மாடிப்படி வளைவில் இரண்டு ஜோடி. கொடியில் அவர் போட்ட சட்டைக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், ஒன்று. அவர் வீட்டுக்குள் வந்ததிலிருந்தே.

செல்போன் கை நழுவியது.

ஓடினார். அவரும் ஓட்டக்காரர்தான். வாசலைத் தாண்டினார். தெருவைத் தொட்டார். நாய்கள் சிதறின. தோளில் ஒரு கை விழுந்தது. கனமே இல்லாத கை. ஆனால் அதற்கு மேல் ஒரு அடிகூட நகர முடியவில்லை. தூக்கிவந்து கூடத்தில் படுக்கப் போட்டார்கள்.

இசக்கித்தாய் இப்போது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கொன்னுராத" என்றார்.

"கொன்னா ஒரு நிமிசத்துல முடிஞ்சுரும்ல" என்றாள். பெட்டியைத் திறந்தாள். ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன.

ஊசி இறங்கியது தெரிந்தது. அதற்குப் பிறகு நேரம் இல்லை. எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பு எல்லாம் தீயானது. தோல் தரையில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. கத்தினார். வாயில் ஒரு உள்ளங்கை. பல் உதிர்ந்தது. புதுப்பல் கிழித்துக்கொண்டு வந்தது. தூரத்துக் கோவில் மணி காதுக்குள் வந்து அடித்தது. பக்கத்து வீட்டில் புரண்டு படுத்த குழந்தையின் நெஞ்சு கேட்டது. சுவரில் ஊர்ந்த பல்லியின் நெஞ்சு கேட்டது.

பிறகு வலி நின்றது. தாகம் வந்தது.

அப்படி ஒரு தாகம் உலகத்தில் உண்டென்று அவருக்குத் தெரியாது. ஜன்னலில் வெளுப்பு தெரிந்தது. இசக்கித்தாய் ஒரு செம்பைக் கொண்டுவந்து அவருக்கு எதிரில் வைத்துவிட்டுக் குந்தினாள்.

"குடிக்காட்டா இன்னைக்குள்ள செத்துருவன்னு டாக்டர் சொன்னாரு. தண்ணி குடுத்தவ சொல்லுததத்தான் உடம்பு கேக்குமாம். குடிச்சா நீ எனக்கு. உன் இஷ்டம்ல."

அவருக்குப் புரிந்தது. செத்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தால் போதும். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ரத்தம் வந்தது. உடனே மூடிக்கொண்டது. செம்புக்குள் தண்ணீர் லேசாக ஆடுகிற சத்தம் கேட்டது. செம்பின் வெளிப்புறத்தில் ஒரு துளி வழிந்து தரையைத் தொடுகிற சத்தம் கேட்டது.

குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"எந்திரி" என்றாள். உடம்பு எழுந்தது.

அவர் எழவில்லை. உடம்புதான் எழுந்தது. அவர் உள்ளே இருந்தார். முழுசாக, விழிப்பாக, சுடலைமணியாகவே இருந்தார். வேண்டாம் என்று கத்தினார். நாக்கு அசையவில்லை. டாக்டர் சொன்னது பொய். ஒன்றும் அழிவதில்லை. உள்ளேதான் இருக்கிறது.

அப்படியென்றால் இவர்கள்?

அவர் பயிற்சி கொடுக்கிற மைதானத்துக்கு எல்லோரையும் நடத்திப்போனாள். மழை விடாததால் அன்று பையன்கள் யாரும் வரவில்லை. இசக்கித்தாய் குடையோடு ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். "ஓடுல. நான் சொல்லுத வரைக்கும் நிக்கக் கூடாது" என்றாள். அவர் ஓடினார். ஏழு பேரும் அவரைச் சுற்றி ஒரே தாளத்தில் ஓடினார்கள். சரளைக்கல்லில் பாதம் கிழிந்தது, மூடியது, கிழிந்தது. விடிந்து வெகுநேரம் கழித்து அருண்குமார் பைக்கில் வந்து நின்றான். "எப்பா, நில்லுங்கப்பா" என்று கூடவே ஓடிவந்தான். கையைப் பிடித்து இழுத்தான். விழுந்தான். அவர் அவன் விரல்களை மிதித்துக்கொண்டு ஓடினார். எலும்பு முறிந்தது காலுக்கடியில் தெரிந்தது.

அப்போதுதான் அது கேட்டது. பக்கத்தில் ஓடும் இசக்கித்துரையின் வாய் மூடியிருந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் தொண்டைக்குழிக்குள், மனுஷக் காதுக்கு எட்டாத ஆழத்தில், உத்தரவு இல்லாததால் வெளியே வர முடியாத ஒரு குரல் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஏழு தொண்டைகளிலும் அதிர்ந்தது. இர்ஷாத் ஓதிக்கொண்டிருந்தான். ஒருவன் அழுதான். இசக்கித்துரை, "எம்மா, நான் உள்ளதான் இருக்கேன், என்னயக் கொன்னுரு எம்மா" என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

ஒவ்வொரு சுற்றிலும் அவளை ஒரு கை தூரத்தில் கடந்தார்கள். அவள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத்தண்ணீர் அவன் கண்ணில் வழிந்தபோது, இமைக்கத் தெரியாதவனுக்கு உதவி செய்வதுபோல், "கண்ணத் தொடச்சுக்கோலே" என்று மட்டும் சொன்னாள். அவன் துடைத்துக்கொண்டான்.