பக்கத்து நாற்காலி

பட்டாளத்திலிருந்து ஒரேயடியாக வீடு திரும்பிய வளவனுக்குக் கலைமதி ஆரத்தி எடுத்தபோது தட்டு கொஞ்சம் அகலமாகச் சுற்றியது, வாசலில் இரண்டு பேர் நிற்பதுபோல. கணவன் நெற்றியில் பொட்டு வைத்தவள், மறுபடி விரலைத் தட்டில் தொட்டு அவனுடைய இடத்தோளுக்கு அப்பால் வெறும் காற்றில் நீட்டினாள். பிறகு தன் விரலையே பார்த்து விழித்தாள். இருவரும் சிரித்து வைத்தார்கள்.

ஸ்ரீரங்கத்துத் தெருமுனை ஃப்ளெக்ஸில் அவனுக்குப் பின்னால் ஒரு புலியும் பீரங்கியும் ராஜகோபுரமும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பீரங்கியை அவன் தொட்டதுகூட இல்லை. திருத்தச் சொல்லவும் இல்லை. பனிமலையில் அடிபட்ட தோழன் பூவரசனை உயிர் பிரியும்வரை மடியில் ஏந்தியிருந்தவன் என்று ஊர் அவனைக் கொண்டாடியது. ஊருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

மடியாவது ஒன்றாவது. கால் முறிந்து கிடந்த பூவரசன், விட்டுவிட்டுப் போகாதே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வளவன் தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, செத்துவிட்டான் என்று முகாமில் சொன்னான். செத்தவனைத் தேட யாரும் அவசரப்படவில்லை. ஒருவழியாகக் கண்டெடுத்தபோது உடல் விட்ட இடத்தில் இல்லை. முகாமை நோக்கி நெடுந்தூரம் தவழ்ந்து வந்திருந்தது. அதற்குள் வளவன் பெயர் பதக்கத்துக்குப் போயிருந்ததால் யாரும் மேற்கொண்டு பேசவில்லை.

வீட்டில் தூக்கம் வரவில்லை. காவிரிக் காற்றே எட்டிப்பார்க்காத புழுக்கத்தில், மெத்தையின் இடப்பக்கம் மட்டும் ஜில்லென்று கிடந்தது. ஈரக் கம்பளியின் வாடை, பல் கிட்டித்துப்போனவன் விடும் மூச்சின் சத்தம். கலைமதிதான் விசாரித்து, போரிலிருந்து திரும்பியவர்களுக்கு மனநல ஆலோசனை தரும் தில்லைநகர் மையத்துக்கு அவனைக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் கண்டக்டர் மூன்று டிக்கெட் கிழித்தார். கலைமதி மறுக்கவில்லை. ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

மையத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு முன்னாள் வீரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்ததைச் சொல்லி ஒருவர் அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேல் வளவனுக்குப் பொறாமையாக இருந்தது. எதை மறைக்கிறீர்களோ அதுதான் உங்களைத் தூங்கவிடாது என்று ஆலோசகர் பஸீலா முதல் தடவை வந்தபோதே அவனிடம் சொல்லியிருந்தார். இன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தான்.

எதிரே ராக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். பூவரசனின் தாய். மகனின் கடைசி நேரத்தை அவன் வாயால் கேட்க மருங்காபுரியிலிருந்து வந்திருந்தாள்.

"சொல்லுங்க வளவன் சார்," என்றார் பஸீலா. "இங்க யாரும் மார்க் போடப் போறதில்ல."

வாயைத் திறந்தான். வந்தது பழைய கதைதான். மடி வந்தது. அம்மாவைப் பார்த்துக்கோ என்ற கடைசி வார்த்தை வந்தது. கேட்பவள் தாயாயிற்றே என்று புதிதாக ஒரு சொட்டுக் கண்ணீரும் சேர்ந்தது. சொல்லச் சொல்லக் காது மடல் எரிந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

பஸீலா தலையசைத்தார். பிறகு அவனுக்கு இடப்பக்கம் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க."

மின்விசிறிச் சத்தம். வேறொன்றும் அவனுக்குக் கேட்கவில்லை.

மற்றவர்களுக்குக் கேட்டது. எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். அழுதவர் வளவனைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். இன்னொருவரும் இழுத்தார். கலைமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொல்றான்?" என்றான் வளவன்.



ராக்கம்மாள் எழுந்தாள். அவனைத் தாண்டிப் போனாள்.

"இம்புட்டுக் குளிர்லயா கெடந்த, சாமி?"

முந்தானையை விரித்துக் காலி நாற்காலியின் மேல் போட்டாள். துணி கீழே விழவில்லை. ஒரு தலையின் உருண்டையில் படிந்து நின்றது. அவள் துவட்டினாள். சொட்டியது. பிழிந்தாள். மறுபடி துவட்டினாள்.

துணிக்கடியில் அந்தத் தலை மெல்ல வளவன் பக்கம் திரும்பியது.