காணாமற்போன நான்கு நாள் கடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, திருப்பலிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி அவர்களின் ஆம்பூர் வீட்டு வாசலில் வஹீதா வந்து நின்றார். அவர் கையில் ஒரு பூட்டு இருந்தது. அதில் சிறு கீறல்கூட இல்லை.

"மேரிக்கா, என் கடையைக் காணோம்."

"கடையில இன்னாம்மா காணோம்?"

"கடையே காணோம்க்கா! எரநூறு ஜோடி ஷூ, ரேக்கு, லைட்டு, வாசல்ல போட்ட மிதியடிகூட இல்ல. பூட்டு மட்டும் பூட்டினபடியே தொங்குச்சு."

ஆரோக்கியமேரி, ஏற்றுமதித் தோல் சரக்குகளின் சேதத்தை மதிப்பிடுவதில் இருபது ஆண்டுப் பழக்கம் உள்ளவர். அவரோடு பணிபுரியும் பிரேம்நாத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, விவரம் முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிள் உறுமும் ஓசை மறுமுனையில் கேட்டது.

வழியில் வஹீதா தம் நிலையை விளக்கினார். முப்பத்தாறு பெண்கள் தைக்கும் காலணிகளை விற்க, வருட வாடகைக்குக் கடை பிடிக்க அவரால் இயலாது. எனவே ஒரு காலிக் கிடங்கில் வியாழன் முதல் ஞாயிறு வரை மட்டும் கடை விரித்திருந்தார்.

"நாலு நாள்தான் கடைன்னு போட்டா, அப்புறம் பாத்துக்கலாம்னு யாரும் போவ மாட்டாங்கக்கா. கூட்டம் ஜாஸ்தியா வந்துச்சு. இன்னிக்குப் பதினோரு மணிக்குச் சென்னை மால்லேர்ந்து மேனேஜர் வர்றார். அவருக்குப் பிடிச்சா பத்து மால்ல கடை போடலாம். அதான் எப்பவும் ஒன்பதுக்கு வர்றவ இன்னிக்கு ஏழுக்கே வந்தேன்."

கிடங்கு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. வெறும் தரையையும் புதிதாக வெள்ளையடித்த சுவர்களையும் கண்ட பிரேம்நாத் வாசலிலேயே நின்றுவிட்டார். நேற்று மாலை மழையிலும் குடை பிடித்துக்கொண்டு மக்கள் நின்ற இடம் இது.

சாவி மூவரிடம் இருந்தது. வஹீதாவைத் தவிர, ரேக்குகளை அமைத்துக்கொடுத்த சர்தார் பாஷாவும் கிடங்கின் உரிமையாளர் கோவிந்தசாமியும் வைத்திருந்தார்கள். இருவரும் வரவழைக்கப்பட்டனர்.

"அக்கா, பாஷா பாய்கிட்ட லாரியே இருக்கு," என்று பிரேம்நாத் காதோரம் கிசுகிசுத்தார்.

ஆரோக்கியமேரி குனிந்தார். தரையில் சாக்கட்டியால் எழுதப்பட்டிருந்த எண்களைச் சுட்டிக்காட்டினார். ரேக்குகள் நின்ற ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் இருந்தது.

"இது உங்க நம்பரா பாய்?"

"நானா? என் ரேக்கு எது எங்க நிக்கும்னு கண்ணை மூடிக்கினு சொல்வேன். நம்பர் போட நான் இன்னா ஸ்கூல் பையனா? நல்லா பேஜார் பண்றீங்க மேடம்!"

ஏழாம் எண்ணின் மீது ஒரு பச்சை நூல்துண்டு கிடந்தது. ஆரோக்கியமேரி அதை எடுத்து முகர்ந்தார். பிறகு சுவரின் அடியில் மாவு போல் பூத்திருந்த வெண்மையை விரலால் வழித்தார்.

"மழைக்குச் சுண்ணாம்பு உதிருதும்மா," என்றார் கோவிந்தசாமி, குடியாத்தத்து லுங்கி வியாபாரி. "பத்து வருசமா நம்ம லுங்கி பண்டல் வெச்சிருந்த குடோன்தான்."

ஆரோக்கியமேரி விரலை நாக்கில் வைத்தார்.

"உப்புங்க ஐயா. லுங்கியை யாரும் உப்புல போட்டு வெக்கறதில்ல. பச்சைத் தோலைத்தான் உப்பு தடவி அடுக்குவாங்க. பழைய உப்பு சுவருக்குள்ளயே தங்கிடும். எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் மழை நாள்ல தண்ணியைக் குடிச்சுக்கிட்டு வெளிய வரும்."

பிரேம்நாத் அச்சுவரைப் புதிதாகப் பார்ப்பவர்போல் நிமிர்ந்து பார்த்தார். கல்லுக்குள் இத்தனை ஆண்டு நினைவா!

"அந்த ஈரம் பட்டா ஷூவெல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்துடுமே!" என்று பதறினார் வஹீதா.

"அதுக்குப் பயந்துதான் ஒருத்தர் எடுத்து வெச்சிருக்கார். திருடினவன் திரும்ப அடுக்க நம்பர் போட மாட்டான். நம்பர் மேலயே நூல் கிடக்குது, அதனால அதுக்கு அப்புறம் விழுந்த நூல். அதுல ஷூ பாலிஷ் வாசனை அடிக்குது, அப்போ ஷூவைக் கட்டின நூல்தான். வலது இடது மாறாம ஜோடி ஜோடியா கட்டியிருக்காங்க. தோல்காரன் தோலை நூல் போட்டு இறுக்க மாட்டான், தடம் விழும். எதையும் நூலால கட்டறது லுங்கி நெய்யற தறிக்காரங்க கை. சரிதானுங்களா ஐயா?"

கோவிந்தசாமி தலைகுனிந்தார்.

"தோல் குடோன்னு சொன்னா நீ எடுக்க மாட்டேன்னு பொய் சொல்லிட்டேன்மா. விடியக்காலைல வந்து பாத்தா சுவரு வேர்த்துக் கொட்டுது. நம்ம தறி ஆளுங்க எட்டு பேரைக் கூட்டியாந்து எல்லாத்தையும் எதிர் குடோனுக்கு மாத்துனேன். ஃபேன் வெச்சு சுவரைக் காய வெச்சு, நீ ஒன்பதுக்கு வர்றதுக்குள்ள அடுக்கிடலாம்னு இருந்தேன். ஃபேன் எடுத்தாந்தா, நீ ரோட்ல அழுதுகினு நிக்கிற. சொல்ல வாய் வரல."

"கேட்ட அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா நான் அழுதிருக்க மாட்டேன்," என்றார் வஹீதா. அடுத்த நொடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "பாஷா பாய், சுவர்ல ஒட்டாம நடுவுல ரேக்கு நிக்குமா?"

"நிக்க வெக்கிறேன்மா!"

மின்விசிறிகள் சுழன்று சுவர் ஓரளவு உலர்ந்தபோது மணி பத்தாகியிருந்தது. பத்தேகாலுக்கு வாசலில் ஒரு கார் நின்றது. மேனேஜர் முன்னதாகவே வந்துவிட்டார்! அவர் கண்முன் இருந்தது வெறும் கிடங்கு.

வஹீதா ஒரு நாற்காலியை நீட்டினார். "உக்காருங்க சார்."

பிறகு நடந்ததைப் பிரேம்நாத் மெய்சிலிர்க்கப் பார்த்து நின்றார். நெசவாளர்கள் தூக்கிவர, பாஷா பொருத்த, ரேக்குகள் எழுந்தன. விளக்குகள் ஏறின. கோவிந்தசாமி தரையில் அமர்ந்து, ஒவ்வொரு ஜோடியின் நூலையும் தடம் விழாமல் அவிழ்த்துத் தந்தார். இல்லாத இடத்தில் ஒரு கடை பூத்தது.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பது நிமிஷம்! எங்க மால்ல ராத்திரி மூடினா காலைல திறக்கறதுக்குள்ள புதுக் கடை நிக்கணும். அது யாராலயும் முடியலம்மா. இதே ஆளுங்க எல்லா ஊருக்கும் வருவாங்களா?"

வஹீதா கோவிந்தசாமியைப் பார்த்தார். அவர் கையில் அவிழ்க்கப்படாத கடைசி ஜோடி இருந்தது.

"வருவாங்க சார்," என்றார் வஹீதா. "ஆனா நூல் மட்டும் வேணாம்."